எச்சில் பட்டவர்: ஆம்

ஈ ஓட்டுகிறவனுக்குக்கூட ஊரில் ஒரு மரியாதை உண்டு. கடையென்று ஒன்று இருந்தால்தானே ஈ ஓட்ட முடியும்! ஈ பிடிக்கிறவளுக்கு அதுவும் இல்லை. லுணுகலைக்குக் கீழே குருவிக்காட்டுத் தோட்டத்தில், முருகையாவின் மகள் சிவசக்தி உயர்தரத்தில் உயிரியல் படித்து, மூன்று பாடமும் சித்தியடைந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு மதிப்பெண் கொஞ்சம் போதாமல் இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஈ பிடிக்கப் போனாள் என்பதைக் கேட்டுச் சிரிக்காத வாய் கீழ் டிவிசனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் வாய்.

அவள் பிடித்தது சும்மா ஈ அல்ல, மணல் ஈ. நுளம்புக் கொசுவில் மூன்றில் ஒரு பங்கு உருவம். சத்தம் போடாது; பறப்பதைவிடத் தத்துவதுதான் அதிகம். மாட்டுக் கொட்டில் சுவரின் வெடிப்பிலும் விறகுக் கட்டின் அடியிலும் பகலெல்லாம் பதுங்கியிருந்துவிட்டுப் பொழுது சாயும்போது வெளியே வரும். அது கடித்தால் அதன் வயிற்றிலிருக்கும் ஒட்டுண்ணி மனிதத் தோலுக்குள் குடிபுகுந்து, வலியும் இல்லாமல் அரிப்பும் இல்லாமல் ஒரு புண்ணை வளர்க்கும். மாதக்கணக்கில் ஆறாது. வெயில் ஊர்களின் வியாதி. அது தேயிலை மலைக்கும் ஏறி வருகிறதா என்பதுதான் பதுளையிலிருந்து வந்த டொக்டர் துஷாந்தியின் கேள்வி. டொக்டர் என்றதும் முருகையா சாரத்தைத் தூக்கி முழங்கால் வீக்கத்தைக் காட்டினார். மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி டொக்டர் என்று மகள் விளக்கிய பிறகு சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, "அப்ப எதுக்கு டொக்டர்னு பேரு?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிக் குழாய் ஒன்றின் முனையைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஈயிடம் வைத்து, மறுமுனையை வாயால் உறிஞ்சுவதுதான் சிவசக்தியின் வேலை. நடுவே வலைத்துணி உண்டு. ஈ வாய்க்கு வராது. சொன்னால் யார் நம்புகிறார்கள்? 'மூணு பாஸ் எடுத்த புள்ள ஈய உறிஞ்சிக் குடிக்குது' என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கதை கட்டினார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

அவளுக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. பிடித்த ஈக்களைப் பதுளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், துஷாந்தி நுணுக்குக்காட்டியின் கீழே ஊசியால் ஈயின் தலையை மெல்ல இழுத்து, கழுத்துக்குள் இருக்கும் இரண்டு எச்சில் பைகளை எடுப்பாள். கடுகை நூறாக உடைத்தால் அதில் ஒன்று அளவு. கடிக்கிற ஈ முதலில் துப்பும். அந்தத் துப்பலில் உள்ள புரதங்கள்தான் இரத்தத்தை உறையவிடாமல் வைத்து ஈக்கு விருந்து போடுகின்றன. அந்தப் புரதங்களை ஒரு வழவழப்பான தகட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆட்களைப் பிரித்து நிறுத்துவதுபோல, பாரமானது மேலே, இலேசானது கீழே என்று நீலக் கோடுகளாக அணிவகுத்து நிற்கும். அவற்றை ஒரு தாளுக்கு மாற்றி, மனித இரத்தத்தின் தெளிநீரில் ஊறவைத்தால், அண்மையில் சில மாதங்களுக்குள் ஈயிடம் கடிபட்டவரின் இரத்தம் ஒரு குறிப்பிட்ட கோட்டைக் கறுப்பாக்கிக் காட்டும். கடித்தது மனிதனுக்கு நினைவில் இல்லாவிட்டாலும், துப்பியதை இரத்தம் மறப்பதில்லை.

இதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எப்படிச் சொல்வது என்று சிவசக்திக்குத் தெரியும். "ஒங்களை அந்த ஈ கடிச்சிருக்கான்னு ரத்தம் சொல்லிரும். அவ்வளவுதான்," என்பாள். முதலில் தன் கையை நீட்டித் தன் இரத்தத்தைக் கொடுத்துக் காட்டினாள். பிறகு கீழ் டிவிசனில் நூற்றுப் பதினெட்டுப் பேர் கொடுத்தார்கள். நாலு மைல் ஏற்றத்தில், குளிரும் காற்றுமாய் இருக்கும் மேல் டிவிசனில் நாற்பத்தொரு பேர் கொடுத்தார்கள். அந்த நாற்பத்தொரு பேரில் பெரியாயியும் அவளுடைய ஒரே மகன் ஜெயகுமாரும் அடக்கம்.

ஜெயகுமாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதுளையில் போன் திருத்தும் கடையில் வேலை. தலைமுடிக்கு நேரம் செலவழிக்கிறவன். சிவசக்திக்கு அவன்மேல் மூன்று வருஷமாக ஆசை. அவனுக்கும் அப்படித்தான் என்று அவள் நம்பியிருந்தாள். ஞாயிறு பின்னேரங்களில் கீழ் டிவிசன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மாடுகளைத் தவிர யாருக்கும் தெரியாதுதான், அதுதான் ஆச்சரியம். பெரியாயி இழுத்தடித்து, ஜாதகம் பார்த்து, இரண்டு தரம் முகத்தைச் சுளித்து, கடைசியில் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பரிசம் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கி வந்திருந்தாள். சிவசக்தி அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கார்டு வந்தது.

இரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் முடிவை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது மேலிடத்து விதி. துஷாந்தி எழுதிக் கொடுத்த வாசகம்: 'மணல் ஈயின் உமிழ்நீர்ப் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் காணப்படுகின்றன: ஆம் / இல்லை.' பதுளை ரயிலைவிடக் கொஞ்சம் குட்டை. அதை அச்சடிக்கப் பெயர்ப்பட்டியலோடு ஜெயராசாவிடம் அனுப்பினாள். ஜெயராசா மூன்று தலைமுறையாகப் பதுளையில் கல்யாணக் கார்டு அடிக்கும் குடும்பம். கடைவாசலில் 'தமிழ் வல்லுநர்' என்று தன் கையாலேயே எழுதி மாட்டியிருப்பவர். வாசகம் கார்டின் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்கு உமிழ்நீர் விளங்குமா, பிறபொருளெதிரி விளங்குமா? எளிமைப்படுத்தினார். யாரையும் கேட்கவில்லை, வல்லுநர் எதற்குக் கேட்க வேண்டும்? மீந்துபோன கல்யாண மட்டையில், இரண்டு மயில் தோகை விரித்து நிற்கும் குங்கும நிறக் கரைக்கு நடுவே, பெயர், வயது, லய இலக்கம், அதற்குக் கீழே தடித்த எழுத்தில்:

எச்சில் பட்டவர்: ஆம்.

அல்லது, இல்லை. ஈ என்ற எழுத்து கார்டில் எந்த மூலையிலும் கிடையாது.

சனிக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் வைத்துச் சுகாதாரப் பிள்ளை ஒருத்தி பெயர் கூப்பிட்டுக் கொடுத்தாள். போதாததற்கு அதை உரக்க வாசித்தும் காட்டினாள். முதல் கார்டு சிவசக்தியுடையது. "சிவசக்தி, வயது இருபத்திரண்டு, எச்சில் பட்டவர், ஆம்." கொழுந்துக் கூடைகளோடு நின்ற அறுபது பெண்களும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். எச்சில் பட்ட சாப்பாட்டையே இன்னொருவர் தொடமாட்டார். எச்சில் பட்ட பெண் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த யாரும் விளக்கத் தேவையில்லை. சிவசக்தி கார்டைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள், அதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது. நூற்றுப் பதினெட்டில் அறுபத்து மூன்று 'ஆம்'.

ஆண்களுக்கு அது கொண்டாட்டம். முருகையாவுக்கு 'ஆம்' வந்தது. மனுஷன் அதைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு மூன்று நாள் லுணுகலைக்குப் போய் வந்தார். "இந்த வயசுலயும் நமக்கு ஆம்தான்யா!" என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னாராம். பெண்கள் கார்டை மாராப்புக்குள் ஒளித்தார்கள். இரண்டு லயத்தில் அடுப்பு எரியவில்லை. ஒரு புருஷன், "யாரு?" என்ற ஒரே கேள்வியை இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான், அவன் கையிலும் 'ஆம்' கார்டு இருந்தது, அது வேறு கணக்காம்.

துஷாந்தி ஓடி வந்தாள். பிள்ளைக் காம்பராவில் கூட்டம் போட்டு, சுவரில் படம் காட்டி விளக்கினாள். ஈயின் வாயை ஒரு மாட்டுக் கொம்பு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டியதில் இரண்டு குழந்தைகள் அழுதன. "பெண் ஈ மட்டும்தான் கடிக்கும். ஆண் ஈ கடிக்காது. அது செடியிலிருக்கும் இனிப்பைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்," என்றாள்.

"ஈயிலயும் இப்படித்தானா!" என்று பின்வரிசையில் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அத்தோடு கூட்டம் கையைவிட்டுப் போனது. புதுக் கார்டு அடிக்கலாமே என்று சிவசக்தி கேட்டதற்கு, வாசகத்தை மாற்ற ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த குழு கூட வேண்டும், குழு அடுத்த மாதம்தான் கூடும் என்றாள் துஷாந்தி. ஈ கடிக்க ஒரு நிமிஷம். குழு கூட ஒரு மாதம்.

மேல் டிவிசனுக்குக் கார்டு ஒரு கிழமை கழித்து வந்தது, இந்தமுறை உறைக்குள். அதனால் என்ன பயன்? எல்லாரும் பிரித்துக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் 'இல்லை'. குளிரில் அந்த ஈ பிழைக்காது என்பதுதான் காரணம். மேல் டிவிசன்காரர்கள் காரணத்தைத் தங்கள் ஒழுக்கத்தில் கண்டுபிடித்தார்கள். பெரியாயி தன்னுடைய 'இல்லை'யையும் மகனுடைய 'இல்லை'யையும் பிளாஸ்டிக் உறை போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். வருகிறவர்கள் முருகனைக் கும்பிடுவதா கார்டைக் கும்பிடுவதா என்று தடுமாறும் உயரத்தில்.

ஆனால் துஷாந்தியின் பட்டியலில் மேல் டிவிசனில் ஒரே ஒரு 'ஆம்' இருந்தது. இருபத்தேழாம் இலக்கம். பெயர் சொல்லமாட்டாள், அது விதி. கேள்வித்தாளில் அந்த ஆள் 'கீழ் டிவிசனுக்குப் போவதேயில்லை' என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் ஈ மேலே ஏறிவிட்டது! துஷாந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த உயரத்தில் மணல் ஈ என்றால் வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை. சிவசக்தி மூன்று பின்னேரம் மேல் டிவிசன் லயங்களில் விளக்குப் பொறி வைத்தாள். விளக்குக்கு வந்தது விட்டில், பொறிக்கு அகப்பட்டது சளி. அந்த மூன்று நாளும் ஜெயகுமார் பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். ஊர் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கும் நேரத்தில் அவன் மட்டும் அக்கறையாய் இருக்கிறானே என்று அவளுக்குக் கண் கலங்கியது. ஒரே கொட்டிலுக்குப் பின்னால் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தும் இவனுக்கு மட்டும் எப்படி 'இல்லை' என்று ஒரு தரம் யோசித்தாள். நீளக் காற்சட்டை போடுகிறவன், அதனால் இருக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். உயிரியல் படித்தவளுக்கும் காதல் வந்தால் உயிரியல் போய்விடும்.

பரிசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியாயி கீழே இறங்கி வந்தாள். முருகையா வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"நான் ஒன்னும் சொல்லல. ஊரு சொல்லுது. கவருமெண்டு அடிச்ச கார்டு."

"என் கார்டுலயும் ஆம்னுதான் இருக்கு," என்றார் முருகையா.

"நீங்க ஆம்பள."

முருகையா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மீசையைத் தடவினார்.

"அத்தை, அது ஈ கடிச்சதுக்கு," என்றாள் சிவசக்தி. "மேல குளிரு, அங்க ஈ இல்ல. இங்க இருக்கு. அவ்வளவுதான்."

"ஈ கடிச்சிருந்தா ஈ கடிச்சிருக்குன்னு போட்டிருப்பாங்கல்ல? படிச்சவங்களுக்கு ஈன்னு ஒரு எழுத்து எழுதத் தெரியாதா?" பெரியாயி கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். "ஏ புள்ள, நீதான அந்த டொக்டரம்மாகூட வேலை செய்ற. இல்லைன்னு ஒன்னு போட்டு வாங்கிட்டு வந்துரு. பரிசத் தட்டுல பூவோட பழத்தோட அதையும் வச்சிருவோம். நாலு பேரு கண்ணுல பட்டாப் போதும். இல்லாட்டி என்னைக் குத்தம் சொல்லாத."

அன்று பின்னேரம் ஜெயகுமார் போனில் பேசினான். "ஒரு கார்டுதான சக்தி. ஜெயராசா அண்ணன் கடை என் கடைக்கு நாலு கடை தள்ளித்தான். திங்கக்கிழமை வா, நானும் வாறேன். அம்மா வாயை அடைச்சிருவோம்."

சிவசக்தி இரண்டு நாள் அதை மனதுக்குள் உருட்டினாள். பொய்க் கார்டு. ஆனால் ஆய்வகப் பதிவேட்டில் அவளுடைய கறுப்புக் கோடு கறுப்பாகவேதான் இருக்கும். யாரும் அதைத் தொடப்போவதில்லை. இது வெறும் கல்யாண மட்டை. கல்யாண மட்டையில் அச்சாவதெல்லாம் உண்மையா என்ன? 'திருநிறைச்செல்வன்' என்று போடுகிறவர்கள் நிறையைப் பார்த்தா போடுகிறார்கள்? திங்கட்கிழமை பஸ் ஏறினாள்.

ஜெயராசா கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். போனில் அழைப்பிதழ் அனுப்பும் காலத்தில் கார்டுக்கு யார் வருகிறார்கள்? விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முதலில் கோபம் வந்தது.

"பிழை என்னுடையதா? எச்சில்னா எச்சில். அகராதியை எடுத்துப் பாரும்மா. ஒங்க மிஸ் எழுதினது தமிழா? நான் போட்டதுதான் தமிழ். விளங்கிக்கத் தெரியாத சனத்துக்கு நான் என்ன செய்யட்டும்?"

"எல்லாருக்கும் நல்லாத்தான் விளங்கிச்சு அண்ணே," என்றாள் சிவசக்தி. "அதுதான் பிரச்சினை."

ஜெயகுமார் அவளுடைய முழங்கையைத் தொட்டு அடக்கினான். "அண்ணே, ஒரு இல்லை. அவ்வளவுதான். மயில் போட்டதே இருக்கட்டும்."

ஜெயராசா தணிந்தார். வல்லுநர் என்றாலும், ஊரில் இரண்டு அடுப்பு எரியாத செய்தி அவர் காதுக்கும் வந்திருந்தது. மட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்தார். "சும்மாவே அடிச்சுத் தாறேன். பெயர்?"

அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் மனைவி பரிமளம் வந்தாள். கடைத்தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனை இல்லாமலே சொல்லக்கூடியவள். கார்டு அடிக்கும்போதே 'இது வேற அர்த்தம் வருதேங்க' என்று சொன்னவளும் அவள்தான், அவர் கேட்கவில்லை. ஜெயகுமாரைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க தம்பி! போன கிழமை கொண்டுபோன கார்டு எப்படி? திரும்ப உறைக்குள்ள வைக்கும்போது ஓரம் மடங்கிருச்சேன்னு எனக்கு ஒரே கவலை. அம்மா ஒன்னும் கண்டுபிடிக்கலையே?"

ஜெயகுமார் தலைமுடியைக் கோதினான்.

"என்ன கார்டு அக்கா?" என்றாள் சிவசக்தி.

"இவரோட கார்டுதாம்மா. ஆம்னு வந்திருச்சு, அம்மா பாத்தா ஏசுவாங்கன்னு ஓடி வந்தாரே. தம்பி கேட்டாருன்னு எங்க வீட்டுக்காரரு இல்லைன்னு மாத்தி அடிச்சுக் குடுத்தாரு. மேல் டிவிசன்ல ஒரே ஒரு ஆம், அதுவும் இவருக்குன்னு நாங்ககூடச் சிரிச்சோம்." சொல்லிக்கொண்டே போன பரிமளம், தன் புருஷன் கண்ணால் காட்டிய சைகையை மிகவும் தாமதமாகக் கவனித்தாள். "ஏன், ஒனக்குத் தெரியாதா?"

சிவசக்தி ஜெயகுமாரைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாக நாலு பேர் முன்னால் அவனை 'நீங்க' என்றுதான் சொல்லிவந்தாள்.

"இருபத்தேழு நீயா?"

"சக்தி, வெளிய போய்ப் பேசுவோம்."

"கீழ் டிவிசனுக்குப் போறதே இல்லைன்னு எழுதினது நீயா?"

"எழுதுறப்ப அம்மா பக்கத்துல நின்னாங்க. வேற என்ன எழுதச் சொல்ற? மாட்டுக் கொட்டில்னு எழுதினா ஒம் பேருதான் கெட்டுப் போகும். ஒனக்காகத்தான்..."

"எனக்காக." அவள் அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நான் மூணு நாள் மேல குளிர்ல ஒன்னைக் கடிச்ச ஈயத் தேடிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு தேத்தண்ணி ஊத்திக் குடுத்த."

"சளி பிடிக்கும்னுதான..."

"பிடிச்சிருச்சு. ஒங்கம்மா எங்க வீட்டு இஸ்தோப்புல உக்காந்து அந்தப் பேச்சுப் பேசினாங்க. எனக்கும் ஆம்தாம்மான்னு ஒரு வார்த்தை. அது வரலையா ஒனக்கு?"

"ஆம்பள நான் சொன்னா அம்மா என்னன்னு நெனப்பாங்க?" என்றான் ஜெயகுமார். அந்தக் கணத்தில் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். மறுபடியும் முடியைத்தான் கோதினான். அந்தத் தலைக்கு வேறு வேலை கொடுத்துப் பழக்கமில்லை.

இயந்திரத்தில் கைவைத்தபடி நின்ற ஜெயராசா தொண்டையைக் கனைத்தார். "அப்ப இது அடிக்கவா, வேணாமா?"

"வேணாம் அண்ணே," என்றாள் சிவசக்தி. "இருக்கிற கார்டே சரி."

ஜெயகுமார் வாசல்வரை பின்னால் வந்தான். கடைத்தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று தோன்றியதும் நின்றுவிட்டான். நாலு பேர் பார்க்காத இடத்தில் அவன் நல்ல பையன்தான். மாடுகள் சாட்சி சொல்லும்.

அவள் நேரே ஆய்வகத்துக்குப் போனாள். துஷாந்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இருபத்தேழாம் இலக்கக் கேள்வித்தாள்ல ஒரு திருத்தம் போடணும். அவரு கீழ் டிவிசனுக்கு வந்திருக்காரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், அஞ்சரையிலிருந்து ஆறரை மட்டும். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால. மூணு வருஷம்."

"அது யாரென்று நான் உங்களுக்குச் சொல்லவில்லையே? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அங்கதான் இருந்தேன் மிஸ்."

துஷாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். நல்ல மனுஷிதான். ஆனால் அவளுடைய முகத்தில் முதலில் விழுந்தது இந்தப் பெண்ணின் துக்கமல்ல. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கைநழுவிப் போகும் துக்கம். "அப்படியென்றால்... ஈ மலை ஏறவில்லை."

"ஈ ஏறல மிஸ். மாப்பிள்ளைதான் எறங்கியிருக்காரு."

துஷாந்தி சிரிக்கவா வேண்டாமா என்று தடுமாறினாள். பிறகு பேனையை எடுத்து, "அஞ்சரை முதல் ஆறரை என்றீர்கள், அல்லவா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். "அது ஈ கடிக்கிற நேரம்தான்," என்று தனக்குள் சொல்லியும் கொண்டாள். விஞ்ஞானிகளை நோவதில் பிரயோசனமில்லை.

பரிசம் இல்லை என்று சிவசக்தி அப்பாவிடம் சொன்னாள், ஏன் என்றும் சொன்னாள், கொட்டில் உட்பட எல்லாவற்றையும். முருகையா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். அது அவருக்குச் சாதனை. மறுநாள் தேத்தண்ணிக் கடையில் பேசினார். அதற்கு மறுநாள் மேல் டிவிசன் முழுவதும், பெரியாயி வீட்டு முருகன் பக்கத்தில் தொங்கும் இரண்டு கார்டில் ஒன்று கள்ளக் கார்டு என்று தெரிந்துபோனது. கீழ் டிவிசன் பெண்கள் சிவசக்தியையும் விடவில்லை. 'அதான பாத்தேன், மாட்டுக் கொட்டிலாம்ல!' என்று பீலியடியில் குடம் நிறைந்து வழிவது தெரியாமல் பேசினார்கள். அவள் குழாயோடும் வலைத்துணியோடும் அவர்களைக் கடந்து போனாள், வந்தாள். நடையில் வித்தியாசம் எதையும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே பாதிப் பேருக்குப் பேச்சை நிறுத்திவிட்டது.

பெரியாயியின் கஷ்டம் வேறு. பெண்ணைத் தான் வேண்டாமென்று சொல்ல இருந்தவள் அவள். பெண் முந்திக்கொண்டு வேண்டாமென்றுவிட்டாள். 'எங்க வீட்டுப் பையனை வேணாங்க இவ யாரு?' என்று நாலு நாள் குமுறினாள். ஐந்தாம் நாள் வேறு இடத்தில் பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: 'பையனோட உண்மையான கார்டு எது?' அன்றிலிருந்து பெரியாயி வாயில் விஞ்ஞானம் வந்து உட்கார்ந்துவிட்டது. மேல் டிவிசன் பீலியடியில் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, "எச்சில்னா மனுச எச்சில் இல்லடி, ஈயோட எச்சில். அதுல புரோட்டீன் இருக்கு. பொட்ட ஈதான் கடிக்கும், ஆம்பள ஈ கடிக்காது," என்று துஷாந்தி காட்டிய படம் முழுவதையும் படமில்லாமலே விளக்கினாள். அன்றைக்குக் கூட்டத்துக்கு வராதவள் எங்கே கற்றாள் என்பதை யாரும் கேட்கவில்லை.

புரட்டாசி பிறந்ததும் வெற்றிலை பாக்கோடு முருகையா வீட்டுக்கு இறங்கி வந்தாள். இந்தமுறை தேத்தண்ணியை வைத்த கையோடு குடித்தாள்.

"ஏ புள்ள, நடந்தது நடந்துபோச்சு. பையன் சோறு திங்காம கெடக்கான். நீ படிச்சவ, ஒனக்குத் தெரியாததா? ஈ கடிச்சதுக்கெல்லாம் யாராச்சும் ஒரு கல்யாணத்த நிப்பாட்டுவாங்களா?"

சிவசக்தி இஸ்தோப்பில் உட்கார்ந்து அன்றைய ஈக்களைப் பெட்டிக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஈ கடிச்சதுக்கு நிப்பாட்டல அத்தை. கடிச்சது ஈ. துப்புனது ஒங்க மகன்."

முருகையா கூரையைப் பார்த்தார். பெரியாயிக்கு முகம் கறுத்தது. வந்த வெற்றிலையை மடியில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். நாலு மைல் ஏற்றத்திலும் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் நின்று, அந்தப் புள்ளைக்கு நாக்கு நீளம், கடவுள்தான் எங்களைக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவசரத்தில் பாக்கை மட்டும் மறந்துவிட்டாள். பெட்டியை மூடிக்கொண்டு மகள் உள்ளே போனதும், முருகையா அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். நல்ல பாக்கு என்றார்.